கடைசி இலக்கம்

பத்தொன்பது மணி நேரமாகத் தராசின் கடைசி இலக்கம் அசையவில்லை. அதற்காக நிறுவனத்தில் இனிப்பு கொடுத்தார்கள்.

அறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கிய நேரத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பத்தொன்பது. நல்ல செய்தி வரும்போது கழித்தல் கணக்குப் போடக் கூடாது என்பது இயக்குநரின் கொள்கை.

மில்லி தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். மென்று விழுங்கினாள். பக்கத்து அறையில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள் போலக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகு இன்னொரு துண்டு எடுத்தாள்.

"பாருங்க, நம்ம மில்லிக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்!" என்றார் டன் சார்.

அவள் மூன்றாவது துண்டையும் எடுத்தாள்.

அது எடைகளைச் சரிபார்க்கும் நிறுவனம். காய்கறிக் கடைத் தராசோ, மருந்துக் கடைத் தராசோ, லாரியை ஏற்றி நிறுத்தும் மேடையோ, அந்த நிறுவனம் முத்திரை வைத்தால்தான் சரி. அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாசலோடு நின்றுவிடும். உள்ளே, எதை அளக்கிறார்களோ அதுதான் பெயர். லாரி மேடைகளைச் சரிபார்த்துச் சரிபார்த்துப் பதவி உயர்ந்து வந்த பிரிவுத் தலைவர், டன் சார். திரவப் பிரிவில் இருப்பவள், லிட்டர் அக்கா. மில்லிகிராம் எடைகளை இடுக்கியால் எடுத்து வைப்பவள், மில்லி. மனிதர்களை அளக்க அங்கே அலகு எதுவும் கிடையாது என்பதால் மனிதவள மேடத்துக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை.

மில்லியின் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. கருங்கல் மேசை, அதன் மேல் ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் தராசு. கண்ணிமையிலிருந்து ஒரு முடி உதிர்ந்து தட்டில் விழுந்தால் அதன் எடையைச் சொல்லும். அந்த முடியை நறுக்கிப் போட்டால் ஒவ்வொரு துண்டின் எடையையும் தனித்தனியாகச் சொல்லும். விருந்தினர் யார் வந்தாலும் இயக்குநர் அவர்களை அங்கே அழைத்து வருவார்.

"எங்க கண்ணுக்குத் தப்பி இங்க ஒரு தூசி கூடப் போக முடியாது" என்பார்.

தராசுக்குப் பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு மில்லி நின்றுகொண்டிருப்பாள். அவளைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் விருந்தினர்கள் தராசை எட்டிப் பார்ப்பார்கள்.

அறையில் நாற்காலி இல்லை. நாற்காலி ஆடும், மனிதர் ஆடமாட்டார் என்று முதல் இயக்குநர் காலத்திலேயே முடிவாகியிருந்தது. காலையில் வந்தால் மாலை வரை நிற்க வேண்டும். மில்லியும் நின்றாள். போன தடவை மூன்றாம் மாதத்திலேயே எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதனால் இந்தத் தடவை டாக்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. உக்காந்து பாக்கற வேலையா கேட்டு வாங்குங்க."

கேட்டு வாங்குவதில்தான் சிக்கல். பெண் ஊழியர்களுக்காக அங்கே ஓர் அருமையான விதி இருந்தது. கர்ப்பம் என்று நிறுவனத்துக்குத் தெரியவந்த நாள் முதல் நாற்காலி, ஓய்வு, எளிய வேலை, சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் உண்டு. ஆகையால் தெரியவராமல் பார்த்துக்கொள்வதை நிறுவனம் தன் முழுநேரக் கடமையாக வைத்திருந்தது. மில்லிக்கு முன்பு அந்த அறையில் இருந்தவள் ஒரு மதிய நேரத்தில் விஷயத்தைப் பட்டென்று சொல்லிவிட்டாள். மாலையில் அவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். மறுநாள் அவளுடைய அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. ஒப்பந்தம் "இனிதே நிறைவடைந்தது" என்றார்கள். ஒப்பந்தம் போனால் பிரசவத்துக்கான காப்பீடும் கூடவே போய்விடும்.

ஆனாலும் ஐந்தாம் மாதத்தில் கால் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தபோது, மில்லி துணிந்து மனிதவள மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மேடம் உள்ளங்கையை உயர்த்தினார். சாலையில் வண்டிகளை நிறுத்துவதற்குக் காட்டுவார்களே, அதே மாதிரி.

"சொல்லாதீங்க."

"இல்ல மேடம், எனக்கு..."

"உக்காருங்க. தண்ணி குடிங்க. ஆனா சொல்லாதீங்க. நீங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். எனக்குத் தெரிஞ்சா நிறுவனத்துக்குத் தெரிஞ்ச மாதிரி. நிறுவனத்துக்குத் தெரிஞ்சா உங்களுக்கு நாற்காலி குடுத்தாகணும். நாற்காலி குடுத்தா உங்களை அந்த ரூம்ல வெச்சுக்க முடியாது. ரூம்ல இல்லாதவங்களுக்கு ஒப்பந்தத்தை எப்படிம்மா நீட்டிக்கறது? உங்க மேல இருக்கற அக்கறையிலதான் நான் தெரிஞ்சுக்காம இருக்கேன்."

"பாத்தாலே தெரியுதே மேடம்."

"பாக்கறது வேற, தெரியறது வேற. நானும் ரெண்டு பெத்தவதான்." மேடம் சட்டென்று கதவைப் பார்த்தார். "கவனிங்க, இப்ப நான் என் விஷயத்தைத்தான் சொன்னேன். உங்க விஷயம்னு ஒண்ணு இருக்கறதாவே நான் சொல்லல."

மில்லி எழுந்து வந்துவிட்டாள். அந்த அறையில் உட்கார்ந்த நான்கு நிமிடம்தான் அன்றைக்கு அவள் உட்கார்ந்தது.

அடுத்து டாக்டரின் சீட்டை டன் சாரின் மேசையில் வைத்துப் பார்த்தாள். சாயங்காலமே அது திரும்பி வந்தது.

"இதுல உன் எடை போட்டிருக்காங்க" என்றார் டன் சார். "அந்த ஆஸ்பத்திரி எடை மெஷின நாம சரிபார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. முத்திரை காலாவதி. காலாவதியான மெஷின் சொல்றத நம்ம நிறுவனம் ஏத்துக்கிட்டா வெளியில நம்மள மதிப்பாங்களா, சொல்லு?"

"எடைய விட்டுடுங்க சார். அதுக்குக் கீழ எழுதியிருக்கறத மட்டும் பாருங்க."

"மேல தப்பா இருந்தா கீழ படிக்கக் கூடாதும்மா. அதுதான் நடைமுறை."

வீட்டில் அவள் கணவன் வீங்கிய காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

"நான் வந்து சொல்லட்டுமா?" என்றான்.

"நீங்க சொன்னா வதந்தியாம். நான் சொன்னாத்தான் தகவலாம்."

"சரியாப் போச்சு. அப்போ பொறந்ததுக்கு அப்புறம் அதுவே வந்து சொல்லிக்கட்டும்."

அவள் சிரித்தாள். சிரித்தபோது காலும் வலித்தது.

நிற்க முடியாமல் போனபோது அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கருங்கல் மேசையின் விளிம்பில் வயிற்றை மெல்லச் சாய்த்துக்கொண்டால் இடுப்புக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படிச் சாய்ந்து நின்ற ஒரு மதியம், சாப்பிட்டு வந்த பிறகு, தராசின் கடைசி இலக்கம் நான்கில் நின்றிருந்தது. வயிற்றுக்குள்ளிருந்து சின்னதாக ஓர் உதை. நான்கு ஏழாயிற்று. மறுபடி நான்கு.

இயந்திரக் கோளாறு என்று நினைத்தாள். இன்னொரு உதை. ஏழு. திரும்பவும் நான்கு.

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். ஸ்கேன் எடுத்தபோது திரையைக் காட்டி, "இதோ தலை, இதோ கால்" என்றார்கள். அவளுக்கு மேகமூட்டம்தான் தெரிந்தது. இந்த ஏழு பளிச்சென்று தெரிந்தது. தன் குழந்தையை அவள் முதலில் பார்த்தது அங்கேதான்.

அன்று முதல் வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் கேட்கிற முதல் கேள்வி, "ஏழு போட்டுச்சா?"

"ரெண்டு தடவ. சாப்பிட்டதும்."

"கெட்டிக்காரக் குழந்தை. இப்பவே எண்ணத் தெரியுது."

ஆனால் அந்தத் தராசு தான் பார்த்ததையெல்லாம் பதிந்து வைக்கும். மாதக் கடைசியில் டன் சார் பதிவைப் புரட்டியபோது, நேராகப் போக வேண்டிய கோட்டில் முள் முள்ளாக எழும்பியிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. நிறுவனத்தின் வரலாற்றில் காரணம் தெரியாமல் எதுவும் அசைந்ததில்லை. அதிர்வு ஆய்வுக் குழு ஒன்று அன்றே அமைக்கப்பட்டது.

குழு முதலில் தெருவைப் பிடித்தது. லாரிகள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்று தடுப்பு வைத்தார்கள். கோடு முள்ளாகவே இருந்தது. பிறகு லிஃப்டை நிறுத்தினார்கள். மில்லி மூன்று மாடி ஏறி வந்தாள். "என் பொழப்புலயே கை வெச்சுட்டாங்களே!" என்றான் கணவன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள். குளிர்ந்த தண்ணீர் தரும் பெட்டி முனகுகிறது என்று அதையும் அணைத்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்க வேண்டும், தும்மல் வருகிறவர்கள் வராந்தாவுக்குப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. தும்மல் யாரையும் அவ்வளவு நேரம் காத்திருக்க விடவில்லை. ஆகவே தும்மும் முன் தகவல் தர வேண்டும் என்று உத்தரவு திருத்தப்பட்டது.

மேசைக்குப் பக்கத்தில் மில்லி இருக்கும்போது மட்டும்தான் முள் எழும்புகிறது என்பதைக் குழு மூன்றாவது கூட்டத்தில் கண்டுபிடித்தது. மில்லி உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். சொல்லிவிடுவார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள். வேலை போகும், போனால் போகட்டும், நாற்காலியாவது கிடைக்கும்.

ஒருவரும் சொல்லவில்லை. "அவங்க எடை தரைய அழுத்துதோ என்னவோ" என்றார் ஒரு உறுப்பினர். உடனே மில்லியின் எடைக்குச் சரியாக ஒரு மணல் மூட்டை தைத்து, அவள் நிற்கும் இடத்தில் வைத்துச் சோதிப்பது என்று தீர்மானமாயிற்று. மூட்டை வந்தது. அதை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மில்லி அந்த நாற்காலியைப் பார்த்தாள். முதுகுக்குச் சாய்மானம் இருந்தது. கைப்பிடி இருந்தது. மெத்தை கூட இருந்தது.

"சார், மூட்டைக்கு நாற்காலியா?"

"அதுக்குக் கால் இல்லையேம்மா" என்றார் டன் சார். "பின்ன எப்படி நிக்கும்? உனக்குத்தான் கடவுள் ரெண்டு கால் குடுத்திருக்காரே."

மூட்டை உட்கார்ந்திருந்தவரை கோடு நேராகப் போயிற்று. சோதனை துல்லியமாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மில்லியை எடை பார்த்து, அதற்கேற்ப மூட்டையில் மணலைக் கூட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் கூட்ட வேண்டியிருந்தது. ஒரு தடவை கூடக் குறைக்க வேண்டியிருக்கவில்லை. மணல் கொட்டுகிறவர் தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டதில் மூட்டைக்கு முன்பக்கம் புடைத்துக்கொண்டது.

"இதுக்கு இப்ப எத்தனாவது மாசம்?" என்றாள் லிட்டர் அக்கா. திரவ அறையின் கதவை நன்றாகச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள்.

"சும்மா இருங்கக்கா."

"சிரிடி. சிரிச்சா குழந்தைக்கு நல்லது. இந்த மூட்டை மாசமா இருக்குன்னு சொன்னா அதுக்கு லீவு குடுத்துடுவாங்க பாரு."

அடுத்து வெளியிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. சுவரில் வைத்துக் கேட்டார். தண்ணீர்க் குழாயில் வைத்துக் கேட்டார். மண்டியிட்டு மேசையின் நான்கு காலிலும் கேட்டார். கடைசியில் மில்லியின் எதிரில் வந்து நின்றார். ஸ்டெதஸ்கோப்பின் முனை அவர் கையில் இருந்தது. அவள் வயிறு அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இரண்டு பேரும் அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெச்சுப் பாருங்க சார்" என்றாள் மில்லி.

அவர் காதிலிருந்து குழாயைக் கழற்றினார். "மன்னிச்சுக்கம்மா. என்கிட்ட கட்டடத்த மட்டும்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க."

ஆனால் வாங்கிய பணத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. பதிவுகளைப் பார்த்துவிட்டு, பகல் உணவுக்குப் பிறகுதான் அதிர்வு அதிகம், இனிப்பு ஏதாவது சாப்பிட்ட நாளில் இன்னும் அதிகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் டன் சார் மில்லியின் சாப்பாட்டு டப்பாவைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"சாயங்காலம் வேலை முடிஞ்சு சாப்பிட்டுக்கோ. உன் நல்லதுக்குத்தான். வெறும் வயித்துல கை நடுங்காதுன்னு நிபுணர் சொல்றாரு."

"எனக்குப் பசி தாங்காது சார்."

"எனக்கு மட்டும் தாங்குமா? நானும் உனக்காக இன்னிக்கு டீயோட நிறுத்திக்கிட்டேன்" என்றார் டன் சார். அவர் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டிருந்த பிஸ்கட் துகளின் எடையை மில்லி பார்வையாலேயே சொல்லியிருப்பாள்.

லிட்டர் அக்கா கழிவறையில் வைத்து இரண்டு வாய் ஊட்டிவிடுவாள். அதைக் கண்டுபிடித்து, மதிய நேரத்தில் மில்லி கழிவறைக்குப் போவதையும் வரையறுத்தார்கள். கோட்டில் முள் குறைந்தது. குழு உற்சாகமாயிற்று. மில்லி மட்டும் ஏழு வரும் நேரத்துக்காகக் காத்து நிற்பாள். ஒரே ஓர் உதை வரும். சில நாள் அந்த உதையும் சோம்பலாக, ஆறோடு நின்றுவிடும்.

நேற்று மாலை நான்கு மணிக்கு ஒரு முறை வந்தது. ஏழு இல்லை, ஐந்து.

இரவு கணவன் கேட்டான். "ஏழு போட்டுச்சா?"

"தூங்குது போல" என்றாள்.

விடிந்த பிறகும் அவள் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள். பஸ்ஸில் சொல்லிக்கொண்டாள். மூன்று மாடி ஏறும்போது படிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். மேசையில் வயிற்றைச் சாய்த்து நின்றாள். நான்கு. ஒரு மணி நேரம் பார்த்தாள். நான்குதான்.

படிக்கட்டு மூலைக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள். நர்ஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இனிப்பா ஏதாவது சாப்பிடுங்க. இடது பக்கமா படுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் கவனிச்சுப் பாருங்க. அப்பவும் இல்லைன்னா எதுக்கும் காத்திருக்காதீங்க, நேரா இங்க வந்துடுங்க. சரியா?"

"சரி சிஸ்டர்."

முதலுதவி அறையில் ஒரே ஒரு கட்டில். அதில் மணல் மூட்டை படுத்திருந்தது. சூடு மாறாமல் இருக்க அதற்குப் போர்வை போர்த்தியிருந்தார்கள்.

மில்லி மனிதவள மேடத்தைத் தேடிப் போனாள். "மேடம், எனக்கு ஒரு மணி நேரம் படுக்கணும். அந்த மூட்டைய மட்டும் கொஞ்சம் இறக்கி வெச்சா..."

"அத எப்படிம்மா இறக்கறது? அதிர்வு நின்னதுக்கு இன்னும் கொஞ்ச நேரத்துல அரங்குல நிகழ்ச்சி. மூட்டை அதோட சமநிலையில இருக்கு. நீங்க ஏன் திடீர்னு..." மேடத்தின் உள்ளங்கை தானாகவே உயர்ந்தது. "வேண்டாம். சொல்லாதீங்க. சும்மா வாய் தவறிக் கேட்டுட்டேன்."

அப்போதுதான் இனிப்புத் தட்டு வந்தது. பத்தொன்பது மணி நேரம் என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். எல்லோரும் காலுறைக் கால்களோடு ஓசைப்படாமல் கை தட்டினார்கள். மில்லி மூன்று துண்டு சாப்பிட்டாள்.

லிட்டர் அக்கா அவளைத் திரவ அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடுவைகள் வந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் போட்டாள். மில்லி இடது பக்கமாகப் படுத்தாள். லிட்டர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தாள். எதிரே அலமாரியில் ஐம்பது குடுவைகளில் தண்ணீர் மட்டம் ஒரு கோடு போல அசையாமல் நின்றது. ஒரு மணி நேரம் ஆவதற்குள்ளேயே லிட்டர் அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

"எந்திரி. கிளம்பு. உன் வீட்டுக்காரருக்கு நான் போன் போடறேன், நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றேன். நீ படியில மெதுவா இறங்கு."

வாசலில் காவலாளி எழுந்து நின்றார். "வெளிக்கதவு பூட்டியிருக்கும்மா. நிகழ்ச்சி முடியற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு உத்தரவு. காத்து அடிச்சா தராசு ஆடுமாம்."

"அண்ணே, நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"யாருக்கு?"

"எங்களுக்கு."

காவலாளி அவள் வயிற்றைப் பார்த்தார். உடனே மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டார். பார்க்கக் கூடாது என்று அவருக்கும் சொல்லியிருந்தார்கள். "அனுமதிச் சீட்டு ஒருத்தருக்குத்தான்மா. 'எங்களுக்கு'ன்னு போட அதுல எடமில்ல. டன் சார்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. வந்த நிமிஷம் நான் திறந்துவிடறேன். சாவி கையிலதான் இருக்கு, பாரு."

டன் சார் மூன்றாம் மாடியில், தராசு அறைக்கு எதிரே இருந்த அரங்கில் இருந்தார். மில்லி மறுபடி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே ஏதாவது நகர்கிறதா என்று பார்த்தாள். அவளுடைய மூச்சுதான் நகர்ந்தது.

அரங்கு நிறைந்திருந்தது. மேடைக்குக் கருங்கல் மேசையையும் தராசையும் நகர்த்தியிருந்தார்கள்; நகர்த்தும்போது அசைந்தது கணக்கில் வராது. பின்னால் பெரிய திரையில் கடைசி இலக்கம் மட்டும் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. நான்கு. முதல் வரிசையில் மணல் மூட்டை தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"சார், ஒரு கையெழுத்து. அவசரமா வெளிய போகணும்."

"இப்பவா? நீதானே இன்னிக்கு முக்கியமான ஆளே!" டன் சார் பற்களுக்கிடையே பேசினார். "அஞ்சே நிமிஷம். மேசைகிட்ட வழக்கமா நிக்கற மாதிரி நில்லு. எல்லாரும் பாத்துக்கட்டும். இறங்கின உடனே போடறேன். பேனா கூட எடுத்து வெச்சிருக்கேன், பாரு."

மேடை ஏறாமல் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாமல் கதவு இல்லை. மில்லி மேடை ஏறினாள்.

இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். தட்டின அதிர்வுக்குக் கூட நான்கு அசையவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"பத்தொன்பது மணி நேரம்னு காலையில சொன்னேன். இப்ப இருபது தாண்டிடுச்சு! இந்த அதிர்வு எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, நமக்குத் தெரியாது. பெருமையா சொல்றேன், தெரியாது! மத்த எடத்துல எல்லாம் காரணத்தத் தேடி அலைவாங்க. நாம காரணத்தத் தெரிஞ்சுக்காமலே நிறுத்திட்டோம். அதுக்குப் பேர்தான் நிர்வாகம். தெரிஞ்ச விஷயத்துல நம்ம நிறுவனம் சமரசமே பண்ணாது. அதனாலதான் எதத் தெரிஞ்சுக்கறதுன்னு நாம அவ்வளவு கவனமா இருக்கோம். நாமெல்லாம் ஒரே குடும்பம். நல்ல குடும்பத்துல யாரும் யாரையும் எதுவும் கேக்கறதில்ல."

ஓசையில்லாத கைதட்டல்.

மில்லி மேசை விளிம்பில் வயிற்றைச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்த்தாள். கல் சில்லென்று இருந்தது. அரங்கில் இருந்த அத்தனை பேரும் அந்த இலக்கம் அசையக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் அசைய வேண்டும் என்று பார்த்தாள். ஏழு வேண்டாம். ஐந்து போதும். ஐந்தாகி மறுபடி நான்காகிவிட்டால் போதும். விழா கெட்டுப்போகட்டும். இவர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஒப்பந்தம் கிழியட்டும். ஒரு தடவை.

நான்கு.

மூன்று துண்டு இனிப்பு தொண்டையில் ஏறி வந்தது. விழுங்கினாள்.

நான்கு.

"பாத்தீங்களா!" என்றார் இயக்குநர். "கல்லு மாதிரி நிக்குது. இத்தனை நாளா இவங்க பக்கத்துல வந்தாலே துள்ளின இலக்கம். சொல்லுங்க மில்லி, நீங்களே உங்க வாயால சொல்லுங்க. எப்படி நின்னுச்சு?"

ஒலிவாங்கி அவள் முகத்துக்கு நேரே வந்தது. முதல் வரிசையில், மூட்டைக்குப் பக்கத்தில், மனிதவள மேடம் பாதி எழுந்திருந்தார். அவருடைய உள்ளங்கை உயர்ந்திருந்தது. மில்லி அந்த உள்ளங்கையைப் பார்த்தாள். கடைசி வரிசையில் லிட்டர் அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். திரும்பித் திரையை இன்னொரு தடவை பார்த்தாள்.

பிறகு ஒலிவாங்கியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அது அதிர்வு இல்ல சார், என் குழந்தை. நான் கர்ப்பமா இருக்கேன். நேத்து நாலு மணியில இருந்து குழந்தை அசையல."